தோல் வாருக்குள் சிக்கிய கை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு பெட்டி நீலக் கையுறை தந்திருப்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்றை மட்டும் இந்த ஓய்வுபெற்றவள் சொல்லிவைக்கிறேன். அந்தக் கையுறை உங்கள் கையைக் காப்பதற்குத் தரப்பட்டதல்ல. உங்கள் கையில் இருக்கும் வியர்வை, எண்ணெய், முந்தைய நாள் பிசைந்து சாப்பிட்ட மீன்குழம்பின் வாசம் எல்லாவற்றிலிருந்தும் பொருளைக் காப்பதற்குத் தரப்பட்டது. அருங்காட்சியகத்துக்குள் பொருள்தான் வீட்டுக்காரர். கை என்பது வாசலில் நிறுத்தி விசாரிக்கப்படும் ஆள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்து அருங்காட்சியகத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். பொருட்களுக்குத் தாங்கி செய்வது என் வேலை. உடைந்த குடத்துக்கு ஒரு தாங்கி, ஒற்றைச் செருப்புக்கு ஒரு தாங்கி, துருப்பிடித்த வாளுக்கு ஒரு தாங்கி. பொருள் அசையாமல் நிற்க வேண்டும், தாங்கி பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் சித்திக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "நூதனசாலையில நீ என்னதான் பிள்ளை செய்யிறாய்?" என்று தொலைபேசியில் கேட்பார். "எல்லாத்துக்கும் முட்டுக் குடுக்கிறன் சித்தி" என்பேன். பாவம், அவர் அதை மூட்டு வலி வருகிற வேலை என்று நினைத்துக்கொண்டார் போலும், எண்ணெய் அனுப்பிவைத்தார்.

இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்தத் துறைக்கு வந்திருக்கிறீர்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எந்தப் பசை, எவ்வளவு ஈரப்பதம், எந்த விளக்கு என்பதையெல்லாம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். அதற்குள் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. அறைக்குள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பக்கம் திரும்புவது எப்படி என்பதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதுவும் ஒரு நாளில் நடந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்பு, பழங்காலக் குத்துச்சண்டை பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். அந்தக் காலத்துச் சண்டைக்காரர்கள் கையில் எதைச் சுற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்பதுதான் அதன் விஷயம். எனக்கு அந்தத் தலைப்பே பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சண்டையிலிருந்து தப்பி இந்த நாட்டுக்கு வந்த பெண்ணிடம் கொண்டுவந்து, ஒருவன் முகத்தை இன்னொருவன் உடைப்பதற்கு என்ன போட்டான் என்று காட்டினால் எப்படி இருக்கும்? ஆனால் பொருட்கள் வரத் தொடங்கியதும் என் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

வருகிற பத்திரிகைக்காரர் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றேதான். "முள் வைத்த கையுறை எங்கே?" படங்களில் பார்த்த ஞாபகம். உண்மை அவ்வளவு விறுவிறுப்பாக இல்லை. பழைய கிரேக்கர்கள் முதலில் கட்டியது வெறும் மாட்டுத்தோல் வார். நீளமாக, மென்மையாக, எங்கள் காலத்துப் பண்டேஜ் மாதிரிச் சுற்றிக்கொள்வது. அடிப்பவனின் கை உடையாமல் இருக்கத்தான் அது. பின்னால் வந்தவர்கள் விரல் முட்டிகளின் மேல் தடித்த, கடினமான தோல் வளையம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை கைக்காக இருந்தது, அதன் பிறகு எதிராளியின் முகத்துக்காக. ரோமர்கள் உலோகம் சேர்த்தார்கள் என்று அக்காலத்துப் புலவர்கள் எழுதியிருக்கிறார்கள், அது எவ்வளவு உண்மை, எவ்வளவு புலவர் புளுகு என்று அறிஞர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். இந்திய மல்லர்கள் விரல்களில் மாட்டிக்கொண்ட கொம்பு முட்டி ஒன்றும் வந்திருந்தது. அதில் கூர் இருந்தது. பத்திரிகைக்காரர்களை அதன் முன்னால் நிறுத்திவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

கண்காட்சியின் நடுவில் வைக்க ஒரு தோல் வார் வேண்டும். பழையது கிடைக்காது, கிடைத்தாலும் தொட்டால் பொடியாகிவிடும். தெற்கில் இருக்கும் ஒரு அருங்காட்சியகம் அந்தக் கடின வளையம் வைத்த வாரின் நகல் ஒன்றைக் கடன் தந்தது. நகல் என்றவுடன் கடையில் விற்கும் சாமான் என்று நினைக்காதீர்கள். பழைய சிலைகளையும் குடத்து ஓவியங்களையும் பார்த்துப் பார்த்து, பதனிடாத மாட்டுத்தோலை வாங்கி, கொழுப்புத் தேய்த்து, அடித்து, இழுத்துச் செய்தது. அதற்குப் பொருள் இலக்கமும் கொடுத்திருந்தார்கள். இலக்கம் ஏறிவிட்டால் உங்களுக்குத் தெரியும், நகலும் அசலும் ஒன்றுதான். ஒரு கீறல் விழுந்தால் விசாரணை.

அதைக் கொண்டுவந்தவர் ஃபிராவ் ஹார்ட்விக், நம் வழக்கில் ஹார்ட்விக் அம்மா. கடன் வாங்கிய பொருளுடன் கூடவே ஒருவர் வருவார், பெட்டியைத் திறப்பதும் பொருளைத் தொடுவதும் அவர் மட்டும்தான், ஒப்பந்தமே அப்படி. இவர் அந்த ஆள். அதோடு அந்த வாரைச் செய்தவரும் இவரே. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டி, கையில் நீலக் கையுறையோடு, எங்கள் கட்டடத்தின் ஈரப்பதக் கருவியை நம்பாமல் தன் கருவியையும் கொண்டுவந்திருந்தார். நான் செய்த தாங்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மூலை கூர்" என்றார். கூரில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துக் கொடுத்தேன். அன்று மாலை வீட்டில் அவரைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வார் பெட்டிக்குள் சும்மா கிடந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் பக்கத்தில் ஒரு சிறிய படம் ஓடவேண்டும் என்று எங்கள் அருங்காட்சியகத் தலைவர் முடிவு செய்தார். ஒரு உண்மையான சண்டைக்காரன் கையில் வாரைச் சுற்றி, அவன் பயிற்சி மூட்டையில் குத்துவதைப் படம் பிடிப்பது. ஃபிராவ் ஹார்ட்விக்கும் சம்மதித்தார். தான் செய்தது ஒரு கையில் ஏறி வேலை செய்வதைப் பார்க்க அவருக்கும் ஆசை இருந்தது. யாராவது தெரியுமா என்று கேட்டபோது நான் உடனே வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியும்.

வுப்பர்டால் நகரில் என் சிநேகிதி ஒருத்தியின் மகன் நிரோஜன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வாரத்தில் சில மாலைகள் குத்துச்சண்டைக் கிளப்புக்குப் போவான். தாய்க்கு அது துளியும் பிடிக்காது. பகலில் அவன் ஆஸ்பத்திரியில் தாதி. வயதானவர்களுடைய வார்டு. சுருங்கிப்போன கையில் ஊசி ஏற்ற யாருக்கும் நரம்பு அகப்படாவிட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். பார்த்துத் தேடமாட்டான், சுட்டுவிரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். "என்ர பிள்ளை குத்தினா நோகாது" என்று தாய் பெருமையாகச் சொல்லுவாள். ஊசியைத்தான் சொல்கிறாள்.

இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிக்கு ஆலோசனை சொல்ல ஓய்வுபெற்ற குத்துச்சண்டை நடுவர் ஒருவர் வந்துபோவார். பெயர் வேண்டாம் என்பார், அதனால் நானும் எழுதவில்லை. கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு என் மேசைக்கு அருகே உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் அவரிடம் கேட்டேன், சண்டையை எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

"வலிக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது" என்றார். "கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்வதில்லை. அவனுடைய உடம்பே அப்படிப் பழகியிருக்கிறது. நான் அவனுக்கு ஒரு வேலை கொடுப்பேன். என்னிடம் நடந்து வா என்பேன். நடக்கிற நடையில் எல்லாம் தெரிந்துவிடும்."

நல்ல பேச்சு என்று நினைத்தேன். எனக்கு எதற்கு என்றும் நினைத்தேன்.

படம் பிடிக்கும் நாள் வந்தது. வார் பெட்டியில் இருந்து விறைத்துப்போயிருந்தது. தோல் வேலை தெரிந்த எவரும் அந்த இடத்தில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கொஞ்சம் ஈரம் காட்டி இளக்கினோம். எவ்வளவு ஈரம், எந்தத் துணியால், எங்கே தொட்டு என்று ஃபிராவ் ஹார்ட்விக், எங்கள் தலைவர், நான், மூவரும் தலையை முட்டிக்கொண்டு நின்று பேசினோம். தோலில் கறை விழுமா, நிறம் மாறுமா, மடிப்பு வெடிக்குமா என்று எல்லாவற்றையும் யோசித்தோம். அந்தத் தோல் ஒரு மனிதக் கையில் இருந்தபடியே காயும்போது என்ன ஆகும் என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களால் மட்டுமே விடக்கூடிய பிழை அது. வீதியில் போகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முதலில் கையைத்தான் கேட்டிருப்பார்.

ஃபிராவ் ஹார்ட்விக் கையுறையோடு நின்று, நிரோஜனின் வெறும் கையில் வாரைச் சுற்றினார். முதலில் கடின வளையத்துக்குள் நான்கு விரல்களும் போயின. பிறகு வார் உள்ளங்கையைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, மேலே ஏறி, கடைசி நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்தது. அழகாகத்தான் இருந்தது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, அம்மாவுக்கு மட்டும் படம் அனுப்பிப் போடாதேங்கோ."

"நீ முதல்ல ஒழுங்காக் குத்து. பிறகு பாப்பம்."

படம் பிடிக்க வந்தவருக்குக் கிரேக்க நாட்டு வெயில் வேண்டுமாம். பழைய பெரிய விளக்குகள் இரண்டை நேரே பிடித்தார். அறை அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை குத்து, இன்னொருமுறை குத்து, இப்போது பக்கத்திலிருந்து, இப்போது மெதுவாக. நிரோஜன் முகம் சுளிக்காமல் குத்தினான். ஒவ்வொரு இடைவேளையிலும் ஃபிராவ் ஹார்ட்விக் ஓடிவந்து வாரைப் பார்ப்பார். ஈரம் காய்ந்து, தோல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. எங்கள் தலைவருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

தேநீருக்கு நிறுத்தினார்கள். வார் கட்டிய கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அவன் இடக்கையால் கோப்பையைத் தூக்கினான். கட்டியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். ஆனால் கட்டு விரல் நுனி வரை வரவில்லை, நுனிகள் வெளியேதான் இருந்தன.

"கை எப்பிடித் தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. கொஞ்சம் இறுக்கம். கைன் ப்ரொப்லேம்."

பிரச்சினை இல்லை என்பதை ஜெர்மன் மொழியில் சொன்னபோதுதான் அந்த நடுவர் ஞாபகத்துக்கு வந்தார். இவனும் சண்டைக்காரன் அல்லவா. வேறென்ன சொல்வான்?

"கண்ணை மூடு" என்றேன். "உன்ர விரலுக்க நான் ஒரு சாமான் வைப்பன். என்ன எண்டு சொல்லு."

அவன் சிரித்தபடி கண்ணை மூடினான். சட்டைப் பையில் ஒரு திருகாணி கிடந்தது. அதை அவனுடைய பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தினேன். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் காத்திருந்தேன்.

"என்ன அக்கா" என்றான், "இன்னும் வைக்கேல்லையோ?"

நான் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் கண்ணைத் திறந்து, தன் விரல்களுக்கு நடுவில் இருந்த திருகாணியைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. இடக்கையால் தன் சுட்டுவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தான். நகம் வெள்ளையாகவே இருந்தது. இரத்தம் வந்து நிறம் திரும்பவில்லை. நோயாளிகளுக்கு அவன் தினமும் செய்கிற சோதனை அது, அதன் பொருள் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கெதியாக் கழட்டுங்கோ அக்கா."

ஃபிராவ் ஹார்ட்விக்கைக் கூப்பிட்டேன். வந்து நுனியைத் தேடினார். நுனி சுற்றுகளுக்கு அடியில் இறுகிக் கிடந்தது. குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது, காய்ந்து காய்ந்து தோல் சுருங்கியிருந்தது. ஒன்று வெளியே தள்ள, மற்றது உள்ளே நெருக்க, நடுவில் விரல் போக இடமில்லை. நகத்தால் கிண்டினார், அசையவில்லை. கடின வளையத்தை இழுத்துப் பார்த்தார், நிரோஜன் பல்லைக் கடித்தான். திரும்ப ஈரம் காட்டலாம் என்றார். இளக எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் திரும்பவும் நகத்தால் கிண்டத் தொடங்கினார்.

எங்கள் தலைவர் நல்ல மனிதர். யாருடைய மனதையும் நோகடிக்காதவர். அவர் முதலில் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். அதற்குப் பிறகு கடன் தந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்தார். வெட்ட வேண்டி வந்தால் அனுமதி வேண்டுமே. அங்கே உரியவர் ஒரு டெர்மீனில், யாரையோ சந்தித்துப் பேசுவதில் இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். இவரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பொறுத்தார். நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். இலக்கம் ஏறிய பொருளை வெட்டுவது என்பது எங்கள் கூட்டத்துக்குக் கொலைக்குச் சமம். அந்த ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்குத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். படம் பிடிக்க வந்தவர் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மூலையில் நின்றார். அறையில் நின்ற எல்லாரும் வாரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிரோஜன் மட்டும் ஃபிராவ் ஹார்ட்விக்கின் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக என்னிடம் தமிழில் சொன்னான். "அவா தன்ர கையால செய்தது அக்கா. பாவம். ஆம்புலன்ஸ் வரட்டும், நான் பொறுப்பன்."

"விசர்க் கதை கதையாதை" என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "உந்தக் கையை வச்சுத்தானே நீ சாப்பிடுறாய். விரல் போனா நாளைக்கு ஆரின்ர நரம்பைத் தடவுவாய்?"

அவன் சுட்டுவிரலை இடக்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

நான் என் வேலையறைக்கு ஓடினேன். தோல் வெட்டும் வளைந்த கத்தியையும், தோலுக்கு அடியில் செருகுவதற்கு ஒரு மெல்லிய தகட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இனி யார் என்ன சொன்னாலும் சரி என்ற நிலையில்தான் வந்தேன். ஓய்வுபெறப் போகிறவளை என்ன செய்துவிடுவார்கள்? தகட்டை நுழைக்கக் குனிந்தபோது ஃபிராவ் ஹார்ட்விக்கின் குரல் கேட்டது.

"நில்லுங்கள். ஒப்பந்தப்படி இந்தப் பொருளைத் தொடுகிற அனுமதி எனக்கு மட்டும்தான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு பிள்ளையின் கை செத்துக்கொண்டிருக்கிறது, இந்த மனிசி ஒப்பந்தம் வாசிக்கிறதே என்று நெஞ்சு கொதித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் நீலக் கையுறைகளை ஒவ்வொன்றாக உரித்துத் தரையில் போட்டார். வெறும் கையை என்னிடம் நீட்டினார்.

"கத்தியைத் தாருங்கள். தகட்டை நீங்கள் பிடியுங்கள்."

தலைவர் தொலைபேசியிலிருந்து முகத்தை எடுத்து, "இன்னும் பதில் வரவில்லையே" என்றார்.

"வரும்போது நான் பேசுகிறேன்" என்றார் ஃபிராவ் ஹார்ட்விக்.

எங்கே தோல் முடிகிறது, எங்கே சதை தொடங்குகிறது என்று அவர் வெறும் விரலால் தடவிப் பார்த்தார். கையுறையோடு அது தெரிந்திருக்காது. நான் தகட்டை நுழைத்துப் பிடித்தேன். மணிக்கட்டுச் சுற்றை வெட்டினார். பிறகு உள்ளங்கைச் சுற்று. கடைசியில் அந்தக் கடின வளையம். வாருக்கு உயிரே அதுதான், அதைச் சரியாக வளைத்து எடுக்க அவர் எத்தனையோ தோலை வீணாக்கியிருக்கிறார் என்று முந்தைய நாள் அவரே சொல்லியிருந்தார். அதன் மேலும் கத்தியை வைத்தார். வளையம் இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

இரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியதும் நிரோஜன் வாய்விட்டுக் கத்தினான். அதுவரை ஒரு முனகல்கூட வராத வாய். ஃபிராவ் ஹார்ட்விக் அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "கத்து, நன்றாகக் கத்து" என்றார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் அவனைக் கொண்டுபோன பிறகு தொலைபேசி அடித்தது. ஃபிராவ் ஹார்ட்விக்கின் மேலதிகாரி. தலைவர் தொலைபேசியை அவரிடம் கொடுத்தார். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது. "ஆம், வெட்டிவிட்டேன். நானேதான். ஏனென்றால் உள்ளே ஒரு கை இருந்தது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதையே இன்னொருமுறை, இன்னும் மெதுவாகச் சொன்னார். என் வேலைக்காலத்தில் நான் கேட்ட நல்ல வசனம் அது, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிள்ளைகளே, விதிகளைத் தூக்கி எறியச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. விதி இல்லாவிட்டால் எங்கள் அலமாரிகளில் இன்று ஒன்றும் மிஞ்சியிருக்காது. நான் மட்டும்தான் தொடலாம் என்ற விதியை, நான் தொடமாட்டேன் என்று ஒதுங்கவும் சொல்லலாம், அப்படியானால் நான்தான் தொட வேண்டும் என்று முன்னுக்கு வரவும் சொல்லலாம். இரண்டுக்கும் வாசகம் ஒன்றுதான். நெருக்கடி வருகிற அன்று நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள், அன்று யோசிக்க நேரம் கிடைக்காது. அதோடு, "கைன் ப்ரொப்லேம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையில் ஒரு திருகாணியை வைத்துப் பாருங்கள்.

கை பிழைத்தது. ஆனால் முழுதாக இல்லை. உணர்வு நரம்பு நசுங்கியிருக்கிறது, உணர்ச்சி பெரும்பாலும் திரும்பும், எப்போது என்று சொல்ல ஏலாது என்று வைத்தியர் சொன்னார். மற்ற விரல்கள் கெதியாகவே தேறின. சுட்டுவிரல் நுனி மட்டும் மரத்தே கிடந்தது. எந்த விரல் வேண்டுமோ அந்த விரல்.

நான் வுப்பர்டாலுக்குப் போய் என் சிநேகிதி முன்னால் நின்றேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவள் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "கிளப்பில பல்லுப் போகும் எண்டு பயந்து பயந்து செத்தன். மியூசியத்தில கை போகும் எண்டு ஆர் கண்டது" என்றாள். இருவரும் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். நிரோஜன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனை ஊசி வேலையிலிருந்து எடுத்து மருந்து கொடுக்கும் வேலையில் விட்டார்கள். யாரும் குறைவாகப் பேசவில்லை. ஆனால் கூடப் பணிசெய்கிறவர்கள் ஒரு கிழவரின் கையைத் திரும்பத் திரும்பக் குத்தும்போது பக்கத்தில் சும்மா நிற்பதுதான் பெரிய வலி என்று என்னிடம் சொன்னான். கண்காட்சி திறந்தது. வெட்டிய வாரை ஒட்டக்கூடாது என்று ஃபிராவ் ஹார்ட்விக் ஒற்றைக்காலில் நின்றார். அதனால் துண்டுகளுக்குத் துண்டாகவே தாங்கி செய்தேன். இந்த முறை எந்த மூலையும் கூர் என்று அவர் சொல்லவில்லை.

தெற்கே திரும்பிப் போன பிறகும் அவர் அடிக்கடி எனக்குத் தொலைபேசி எடுப்பார். எடுத்தவுடன் பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்பார். சொல்வேன். அப்புறம், "அந்த விரல்?" என்பார். இன்னும் இல்லை என்பேன். சரி என்று வைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். ஈரப்பதத்தை அவர் எங்கள் தலைவரிடமே கேட்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

கண்காட்சி முடியப்போகிற நாட்களில் ஒரு மத்தியானம் நிரோஜன் கூப்பிட்டான். வார்டிலிருந்துதான் பேசினான், பின்னால் வண்டிகள் உருளும் சத்தம்.

"அக்கா, ஒரு வயசான மனிசி. ரெண்டு பேர் குத்திப் பாத்திட்டினம், கிடைக்கேல்லை. மனிசி அழுகுது. நான் சும்மா ஆறுதலுக்குக் கையைப் பிடிச்சன் அக்கா. அப்பிடியே தடவினன். அடியில துடிக்குது அக்கா. விரலுக்குத் தெரியுது. ஒரே தரத்தில எடுத்திட்டன்."

அவன் தாய்க்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு முதல் சொல்லடா என்று ஏசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபிராவ் ஹார்ட்விக்குக்கு அழைத்தேன். அன்று அவர் ஈரப்பதம் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"இருக்கிறேன்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் புது வார் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இதில் மணிக்கட்டில் ஒரு கொக்கி வைக்கிறேன். ஒரு விரலால் தட்டினால் எல்லாம் கழன்றுவிடும்."

எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு முடிச்சு இடம் மாறியிருந்தாலும் பழையது இப்படி இல்லை என்று சண்டைக்கு வருகிற மனிசி. "கிரேக்கரிடம் கொக்கி இருக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "எங்களிடம் இருக்கட்டும்."